பாய்மரப் படகில் கட்டிக்கொள்ள ஒரு மீட்டர் பட்டையா, இரண்டு மீட்டர் பட்டையா?

கோத்தகிரியில் தையல் கடை வைத்திருக்கிறேன். சட்டை, ஜாக்கெட் தைப்பதில்லை. தார்ப்பாய், சீட் கவர், முதுகுப்பை, சில்வர் ஓக் மரமேறிக் கிளை கழிக்கிறவர்களுக்கு இடுப்பு பெல்ட், இவைதான் என் வேலை. கடலுக்கும் எனக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. எங்கள் வீட்டில் கடல் தாண்டியவர் அப்பா ஒருவர்தான். இலங்கைத் தோட்டத் தமிழர்களைத் திருப்பி அனுப்பிய 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கியவர். அந்தச் சில மணி நேரத்தைக் கடைசிவரை சொல்லிக்கொண்டே இருந்தார்.

இப்போது அண்ணன் மகன் கிளம்பியிருக்கிறான். சென்னையில் வேலை, ஞாயிற்றுக்கிழமைகளில் துறைமுகத்துக்குள் சின்னப் பாய்மரப் படகு ஓட்டிப் பழகியவன். வருகிற மாசியில் 38 அடிப் படகு ஒன்றில் நாலு பேரில் ஒருவனாக அந்தமானில் உள்ள போர்ட் பிளேருக்குப் (இப்போது ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர்) போகிறான். நேர்க்கோட்டில் அளந்தாலே 1,300 கிலோமீட்டருக்கு மேல். காற்று ஒத்துழைத்தால் ஆறேழு நாள், ராத்திரியும் சேர்த்து. படகுக்காரர் இவனிடம், "ஜாக்லைன் வெயிலில் போயிடுச்சு, புதுசு போடணும். டெதர் அவங்கவங்க கொண்டு வந்துடுங்க" என்றிருக்கிறார். பொங்கல் லீவுக்கு வந்தவன் நேராகக் கடைக்கு வந்து, "அத்தை, பட்டைன்னா நீங்கதானே" என்று உட்கார்ந்துவிட்டான்.

தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. படகின் மூக்கை மீனவர்கள் அணியம் என்பார்கள், பின்பக்கத்தை அமரம் என்பார்கள். அணியத்திலிருந்து அமரம்வரை டெக்கின் மேல் நீளவாக்கில் இழுத்துக் கட்டிய பட்டையோ கம்பியோதான் ஜாக்லைன். நெஞ்சில் போட்ட ஹார்னெஸிலிருந்து அந்த ஜாக்லைனுக்குப் போகிற துண்டுப் பட்டை டெதர். இரண்டு முனையிலும் கொக்கி. படகு ஆடினாலும் அலை ஏறினாலும், பாயை இறக்க முன்னால் போகிறவன் கொக்கியை ஜாக்லைனில் மாட்டி நகர்த்திக்கொண்டே போகலாம்.

போனில் ஒரு கத்தைப் படங்கள் வைத்திருந்தான். ஒற்றை டெதர், இரட்டை டெதர், ஸ்டீல் கம்பி, டைனீமா என்கிற செயற்கை இழைக் கயிறு, நைலான் பட்டை, பாலியஸ்டர் பட்டை. எல்லாவற்றுக்கும் கீழே எத்தனை கிலோ தாங்கும் என்று போட்டிருந்தது. அவனுடைய கேள்வியும் அதேதான்: "எது அத்தை ரொம்பத் தாங்கும்?"

கிளை கழிக்கிறவர்களுக்கு இருபது வருஷமாக பெல்ட் தைக்கிறவள் என்பதால் இந்தக் கேள்வி எனக்குப் பழக்கம். எங்கள் பக்கத்து லயத்துக்காரர் ஒருத்தர் மழைக்கு முன்னால் நிழல் மரம் கழிக்க ஏறினார். கயிறு நல்ல கயிறு, பெல்ட் நான் தைத்தது. ஆனால் கட்டிக்கொண்ட கயிற்றை மூன்று மீட்டருக்கு விட்டுவிட்டார்; அடிக்கடி அவிழ்த்துக் கட்டச் சோம்பல். கால் வழுக்கியது. கயிறு அறவில்லை, தையல் பிரியவில்லை, ஒரு நூல்கூட நகரவில்லை. அவர் மூன்று மீட்டர் கீழே போய், ஊஞ்சல் மாதிரி திரும்பி அடிமரத்தில் மோதினார். இடுப்பெலும்பு போயிற்று. தாங்கிய கயிறுதான் அவரை மரத்தில் கொண்டுபோய் அடித்தது. அன்றிலிருந்து பெல்ட் வாங்க வருகிறவரிடம் நான் கிலோ பேசுவதில்லை. கயிறு எவ்வளவு தூரம் விடும் என்றுதான் கேட்பேன்.

கடலில் இது இன்னும் கறாரான கேள்வி. 2011 ஜூன் மாதம் இங்கிலாந்துக்குத் தெற்கே லயன் என்ற படகிலிருந்து ஒருவர் ராத்திரி நேரத்தில் முன்பாய் இறக்கும்போது விழுந்தார். அதுவும் 38 அடிப் படகுதான். டெதர் மாட்டியிருந்தார், டெதர் பிடித்தது. படகோடு சேர்ந்து தண்ணீரில் இழுபட்டார். கூட ஆட்கள் இருந்தும் அவரை மேலே ஏற்ற 16 நிமிடம் ஆனது. உயிர் இல்லை. ஆறு நாட் வேகம் என்றால் மணிக்கு 11 கிலோமீட்டர். நாம் ஓட்டமும் நடையுமாகப் போகிற வேகம். அந்த வேகத்தில் தண்ணீர் முகத்தில் அடித்தால் மூச்சு எடுக்க இடம் இருக்காது.

சரி, டெதரே இல்லாமல் கையால் பிடித்துக்கொண்டு போனால்? அதே வேகத்தில் படகு ஒரு நிமிடத்தில் 185 மீட்டர் தள்ளிப் போய்விடும். பாயை இறக்கிப் படகைத் திருப்புவதற்குள் அலைக்கு நடுவில் ஒரு தலையைத் தேட வேண்டும், அதுவும் ராத்திரி. இந்த வழியை நாங்கள் பேசவே இல்லை.

ஆக, அறுந்து போகிற டெதரும் வேண்டாம், தண்ணீரில் இழுத்துக்கொண்டு போகிற டெதரும் வேண்டாம். டெக்கின் விளிம்புக்கு உள்ளேயே ஆளை நிறுத்துகிற டெதர் வேண்டும். அது அத்தனையும் நீளத்தில்தான் இருக்கிறது.

இதைச் சொன்னால் அவன் நம்பவில்லை. அதனால் வீட்டுக்குப் பின்னால் இருக்கிற புல் சரிவுக்குக் கூட்டிப் போனேன். படகு காற்றில் சாயும்போது டெக் இருபது, இருபத்தைந்து டிகிரி சாயும் என்று அவன் பெரிய விஷயமாகச் சொன்னான். எங்களுக்கு அது நடைபாதை. சரிவின் அடியில் தேயிலைக்குத் தண்ணீர் வடிகிற கான் ஓடுகிறது. அந்தக் கான்தான் கடல், கானின் மேல் விளிம்புதான் டெக்கின் விளிம்பு என்று வைத்துக்கொண்டோம். படகின் அகலம் பன்னிரண்டரை அடி, அதாவது 3.8 மீட்டர். அந்த அகலத்துக்கு மேலும் கீழும் சுண்ணாம்புக் கோடு போட்டோம். கானுக்கு 40 சென்டிமீட்டர் மேலே இரண்டு முளை அடித்து ஒரு பட்டை கட்டினேன். படகின் பக்கவாட்டு நடைபாதையில் போடுகிற ஜாக்லைன் அதுதான். சரியாக நடுக்கோட்டில் இன்னொன்று.

விடியற்காலைப் பனி புல்லில் அப்படியே இருந்தது. பழைய பெல்ட்டை நெஞ்சில் கட்டிக்கொண்டு, கானை ஒட்டிய பட்டையில் இரண்டு மீட்டர் துண்டை மாட்டி நடந்தான். நாலாவது எட்டில் வழுக்கினான். நேராகக் கானுக்குள். கணக்கும் அதைத்தான் சொல்கிறது: விளிம்பிலிருந்து 40 சென்டிமீட்டர் உள்ளே மாட்டிய இரண்டு மீட்டர் டெதர் நெஞ்சை விளிம்புக்கு வெளியே 1.6 மீட்டர் விடும். அவனுடைய படகில் டெக்கிலிருந்து தண்ணீர் ஒரு மீட்டர் சொச்சம்தான். ஆள் முழுதாகத் தண்ணீரில். அதே பட்டையில் ஒரு மீட்டர் துண்டைப் போட்டோம். பாதியில் பிடித்து நிறுத்தியது, கானுக்குள் தொங்கினான். கால் தண்ணீரில், நெஞ்சு விளிம்பைத் தாண்டி 60 சென்டிமீட்டர். நடுக்கோட்டுப் பட்டையில் ஒரு மீட்டர் போட்டபோது நெஞ்சு விளிம்புக்கு 90 சென்டிமீட்டர் உள்ளேயே நின்றது, குதிகால் மட்டும் கானின் ஓரத்தில் மண்ணைத் தள்ளியது. எழுந்து பேண்டைத் தட்டிக்கொண்டே, "புரிஞ்சுது அத்தை" என்றான்.

புரிந்ததும் புகார் வந்தது. "ஒரு மீட்டர்ல நிமிரவே முடியலையே?" உண்மைதான். ஜாக்லைன் தரை மட்டத்தில் கிடக்கிறது. அவன் நெஞ்சு தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில். ஒரு மீட்டர் டெதர் ஆளைக் குனிய வைக்கும், இல்லாவிட்டால் தவழ வைக்கும். "நிமிராதே" என்றேன். சரிவில் கொழுந்து மூட்டையோடு இறங்குகிறவள் யாராவது விறைப்பாக நிமிர்ந்து இறங்கிப் பார்த்திருக்கிறானா?

ஆனால் பாய்மரத்தடியில் நின்று இரண்டு கையாலும் கயிறு இழுக்க வேண்டிய வேலை இருக்கிறது. அங்கே குனிந்து ஒன்றும் நடக்காது. அதற்காகத்தான் இரட்டை டெதர். நெஞ்சுப் பக்கம் ஒரே கொக்கி. அங்கிருந்து ஒரு மீட்டரில் ஒரு கால், இரண்டு மீட்டரில் ஒரு கால். ஒய் எழுத்து மாதிரி இருக்கும். நகரும்போது குட்டைக் காலில் போக வேண்டும். பாய்மரத்தடிக்குப் போனதும் நீளக் காலை மரத்தின் அடியில் இருக்கிற வளையத்தில் மாட்டி, குட்டைக் காலால் மரத்தையே ஒரு சுற்றுச் சுற்றி மாட்டிக்கொள்ளலாம். இரண்டாவது லாபம் ஒன்று இருக்கிறது: ஒரு ஜாக்லைனிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது புதியதை மாட்டிவிட்டுப் பழையதைக் கழற்றலாம். ஒற்றை டெதரில் அந்த இரண்டு நொடி ஆள் அநாதை. மரமேறிகளிடம் கேட்டால் விழுந்தவர்களில் பாதிப்பேர் கயிறு மாற்றும்போதுதான் விழுந்தார்கள் என்பார்கள். கணக்கெடுத்துச் சொல்வதில்லை, ஆனால் பொய்யும் சொல்வதில்லை.

ஒற்றை டெதருக்கு ஒரு நியாயம் உண்டு. கனம் குறைவு, காலில் சிக்காது, விலையும் குறைவு. காக்பிட்டிலேயே, அதாவது அமரத்துப் பக்கம் ஆள் உட்காருகிற பள்ளத்திலேயே, உட்கார்ந்து சுக்கான் பிடிக்கிறவருக்கு ஒரு மீட்டர் ஒற்றை டெதர் தாராளமாகப் போதும். ஆனால் கடையில் கிடைக்கிற ஒற்றை பெரும்பாலும் இரண்டு மீட்டர்தான். கடலோட்டப் போட்டிகளுக்கு வேர்ல்ட் செய்லிங் என்ற உலகப் பாய்மர அமைப்பு வைத்திருக்கிற விதிகளிலும் டெதர் இரண்டு மீட்டரைத் தாண்டக்கூடாது. கூடவே குழுவில் ஒரு பகுதியினரிடமாவது ஒரு மீட்டர் டெதரோ நடுவில் கொக்கி வைத்த டெதரோ இருக்க வேண்டும் என்கிறார்கள். ஒரு பகுதி ஏன், எல்லாரிடமும் இருந்தால் என்ன என்று எனக்குத் தோன்றியது.

அடுத்தது ஜாக்லைனை எந்த வழியாக ஓட்டுவது. பெரும்பாலான படகுகளில் இரண்டு பக்கமும் நடைபாதையில்தான் போடுகிறார்கள். காரணம் வசதி: நடக்கிற இடத்திலேயே கிடக்கும், கை எட்டும். காற்று வருகிற பக்கம், அதாவது சாய்வில் உயர்ந்து நிற்கிற பக்கம் வழியாக நடந்தால் பாதிப் பிரச்சினை இல்லை; விழுந்தால் டெக்கின் அகலத்தின் மேலேயே விழுவோம். ஆனால் படகு ஒரு பக்கமே சாய்ந்து நிற்கும் என்று அலையிடம் எழுதி வாங்கவில்லையே. அதனால் கேபின் கூரையின் மேல், கூடியவரை நடுவை ஒட்டி இரண்டு பட்டை ஓட்டச் சொன்னேன். வலம் ஒன்று, இடம் ஒன்று. காக்பிட்டில் கால் வைப்பதற்கு முன்பே, ஏணிப் படியில் நின்றபடியே மாட்டிக்கொள்ள நிலையான வளையம் ஒன்று தனியாக இருக்க வேண்டும். ராத்திரி தூக்கக் கலக்கத்தில் மேலே வருகிறவன் விழுவது அந்தப் படியில்தான்.

அணியத்தில் கதை வேறு. அங்கே படகே ஒடுங்கிவிடுகிறது. நடுக்கோட்டிலிருந்து விளிம்பு ஒரு மீட்டர்கூட இருக்காது. எந்த டெதரும் அங்கே முழுப் பாதுகாப்பு கிடையாது. உட்கார்ந்து, கால்களை அகட்டிக்கொண்டு வேலை பார்ப்பதைத் தவிர வழியில்லை. அமரத்தில் ஜாக்லைனைப் படகின் கடைசிவரை கொண்டுபோகாமல் ஒரு டெதர் நீளம் முன்னாலேயே முடித்துவிட வேண்டும். கடைசிவரை ஓட்டினால், விழுந்தவன் பட்டையோடு வழுக்கிப் போய்ப் படகுக்குப் பின்னால் வாலாகத் தொங்குவான்.

டெக்கைச் சுற்றி வேலி மாதிரி ஓடுகிற கம்பியில் கொக்கியை மாட்டலாமே என்று நானே கேட்டேன். கூடாதாம். அது ஆள் சாய்ந்தால் தடுக்க வைத்தது. விழுகிற ஆளின் இழுப்புக்குச் செய்ததல்ல.

இனி என் துறை. ஜாக்லைன் எதில் செய்வது?

ஸ்டீல் கம்பி பழைய வழி. விதிப்படி குறைந்தது 5 மில்லிமீட்டர். வெயில் அதை ஒன்றும் செய்யாது, நீளாது. ஆனால் உருண்டை, காலடியில் பட்டால் உருண்டு ஆளைக் கவிழ்க்கும். டெக்கில் உரசி ராத்திரி முழுக்கச் சத்தம் போடும். பிளாஸ்டிக் உறை போட்ட கம்பி இன்னும் மோசம். நம் வீடுகளில் துணி காயப்போடுகிற பிளாஸ்டிக் கம்பியை வெட்டிப் பாருங்கள். மேலே பச்சைப் பசேல் என்றிருக்கும், உள்ளே துரு. மலை மழைக்கே அந்த கதி என்றால் உப்புத் தண்ணீருக்குச் சொல்ல வேண்டாம்.

நைலான் பட்டை மலிவு, எங்கள் கடையிலேயே சுருள் சுருளாகக் கிடக்கிறது. முதுகுப்பைக்கு அருமை. ஜாக்லைனுக்கு வேண்டாம். நைலான் தண்ணீர் குடிக்கும்; குடித்தால் நீளும், பலமும் குறையும். காலையில் இறுக்கிக் கட்டியது அலை நனைத்ததும் தொய்ந்து கிடக்கும்.

தொய்வு என்றால் சின்ன விஷயமாகத் தெரியும். முற்றத்தில் அளந்து பார்த்தோம். 9 மீட்டர் தூரத்தில் இரண்டு தூண். நடுவில் 9 மீட்டர் 9 சென்டிமீட்டர் பட்டை. ஒரு சதவீதம், கைக்கட்டை விரலுக்கும் சுண்டு விரலுக்கும் நடுவில் அடங்குகிற கூடுதல். நடுவில் பிடித்துப் பக்கவாட்டில் இழுத்தால் பட்டை 64 சென்டிமீட்டர் வந்தது. இரண்டு சதவீதம் விட்டால் 90 சென்டிமீட்டர். ஒரு மீட்டர் டெதர் போட்டு மிச்சம் பிடித்ததை எல்லாம் தொய்வு திருப்பி வாங்கிக்கொள்கிறது. டேப்பைக் கையில் வைத்துக்கொண்டு நான் இரண்டு தடவை அளந்தேன். மூன்றாவது தடவை அவன் அளந்தான்.

அப்படியானால் வீணைத் தந்தி மாதிரி இறுக்கிவிடலாமா? அதற்கும் ஒரு தண்டம் உண்டு. இறுக்கமான பட்டையின் நடுவில் பக்கவாட்டில் இழுத்தால் முனைகளில் வருகிற பளு இழுத்ததைவிடப் பல மடங்கு. 75 கிலோ ஆள் சும்மா தொங்கினாலே, பட்டை 5 டிகிரிதான் வளைகிறது என்றால் ஒவ்வொரு முனையிலும் சுமார் 430 கிலோ. 10 டிகிரி வளைந்தால் 216. தொங்காமல் விழுந்தால் இன்னும் எத்தனையோ மடங்கு. அதனால்தான் ஜாக்லைனுக்கு 2,040 கிலோ தாங்க வேண்டும் என்று விதி. கிலோ பேசுவதில்லை என்றேன், இங்கே மட்டும் பேச வேண்டியிருக்கிறது. பட்டையைவிட அதைக் கட்டுகிற வளையமும் அந்த வளையத்தை டெக்கில் பிடிக்கிற போல்ட்டும்தான் முதலில் பார்க்க வேண்டியவை. 1979 ஃபாஸ்ட்நெட் போட்டியில் புயலில் சிக்கி 15 பேர் இறந்தபோது ஹார்னெஸ்களும் அவற்றை மாட்டிய இடங்களும் விட்டுப்போனது விசாரணையில் பெரிதாகப் பேசப்பட்டது.

டைனீமா கயிறு நீளவே நீளாது என்று சொல்லலாம். அதே கனத்து ஸ்டீலைவிடப் பலம், தண்ணீரில் மிதக்கும். தூரத்தை மட்டும் பார்த்தால் அதுதான் முதலிடம். உருண்டையாக இருப்பதற்கு ஒரு வழி உண்டு. குழாய் மாதிரி நெய்த பட்டைக்குள் நுழைத்துவிடலாம், உருளாது, வெயிலும் படாது. பிரச்சினை வேறு: டைனீமா வழுக்கும், சாதாரண முடிச்சு நிற்காது. முனையைக் கயிற்றுக்குள்ளேயே செருகிப் பின்ன வேண்டும். எனக்கு அந்தப் பின்னல் தெரியாது. வீடியோ பார்த்து இரண்டு போட்டேன். பார்வைக்கு அழகாகத்தான் வந்தது. ஆனால் எனக்கே நம்பிக்கை வராத முனையில் பிள்ளையைக் கட்டி அனுப்ப மனசு வரவில்லை. பின்னத் தெரிந்த ஆள் பக்கத்தில் இருந்தால் நீங்கள் டைனீமாவே போடுங்கள். நான் வாதாட மாட்டேன்.

எனக்கு மிஞ்சியது பாலியஸ்டர் பட்டை. தட்டை, மிதித்தால் காலடியில் படுத்துக்கொள்ளும். தண்ணீர் குடிக்காது. நைலான் அளவுக்கு நீளாது. தைக்கலாம். லாரியில் சரக்குக் கட்டுகிற பெல்ட்டும் பாலியஸ்டர்தான் என்பதால் அவன் கோயம்புத்தூரிலிருந்து ஒரு சுருள் வாங்கி வந்தான். அதில் எத்தனை கிலோ என்று எங்கேயும் எழுதியிருக்கவில்லை. எழுதாத பட்டையில் சரக்குக் கட்டலாம், ஆளைக் கட்டக்கூடாது. திருப்பிக் கொடுக்கச் சொல்லிவிட்டேன். பாலியஸ்டர்தானா என்று சந்தேகம் வந்தால் ஒரு துண்டைக் கொளுத்திப் பார்ப்பேன். கருகருவென்று கரிப்புகை விட்டால் பாலியஸ்டர்.

தொய்வுக்கு என் மருந்து சுலபமானது. 9 மீட்டரை ஒரே ஓட்டமாக ஓட்டாமல் பாய்மரத்துக்குப் பக்கத்தில் உள்ள வளையத்தில் நடுவிலும் கட்டிவிட வேண்டும். நாலரை மீட்டர் என்று ஆனதும் அதே ஒரு சதவீதத்துக்கு 32 சென்டிமீட்டர்தான் வருகிறது. டைனீமாவுக்கும் பாலியஸ்டருக்கும் உள்ள வித்தியாசத்தில் பெரும்பகுதியை இந்த ஒரு கட்டு விழுங்கிவிடுகிறது. அந்த இடத்தில் கொக்கியை மாற்றி மாட்ட வேண்டியிருக்கும். இரட்டை டெதர் இருக்கும்போது அதில் கவலையில்லை.

கொக்கியைப் பற்றி அவன் அலட்சியமாகத்தான் இருந்தான். நம்மூர் பாறையேறுகிறவர்கள் போடுகிற அலுமினிய காரபினர் நாலு அவனிடம் இருந்தது. அதில் இரண்டு குறை. உப்புத் தண்ணீரில் அலுமினியம் பொரிந்து வாய் இறுகிவிடும். திருகி மூடுகிற வகையை நனைந்த ஒரு கையால் திறக்க முடியாது. இன்னொரு கை எப்போதும் படகைப் பிடித்திருக்க வேண்டுமே. சாதாரணமாக அமுக்கினால் திறக்கிற ஒற்றைப் பூட்டு கொக்கியும் வேண்டாம், வளையத்தில் முறுக்கினால் தானாகத் திறந்துகொள்ளும். இரண்டு அசைவு செய்தால்தான் திறக்கிற கொக்கியாக இருக்க வேண்டும்.

அதுவும் போதாது என்று 2017 நவம்பர் 18 அன்று தெரிந்தது. உலகைச் சுற்றுகிற கிளிப்பர் போட்டியில் சிவி30 என்ற படகு தென்கடலில் போய்க்கொண்டிருந்தபோது முன்பாய் மாற்றப் போனவர் விழுந்தார். டெதர் பிடித்தது. ஆனால் கொக்கி டெக்கில் இருந்த கட்டுக்குற்றிக்கு அடியில் போய்ச் செருகிக்கொண்டது; நீளவாக்கில் வர வேண்டிய இழுப்பு பக்கவாட்டில் வந்தது. கொக்கி வளைந்து வாய் விட்டுவிட்டது. அவர் இறந்தார். நீளவாக்கில் இரண்டு டன் தாங்குகிற கொக்கி பக்கவாட்டில் அதில் ஒரு சின்னப் பங்குக்கே வளைந்துவிடும். நம் வீட்டு பீரோ சாவியை நேராக இழுத்தால் ஒன்றும் ஆகாது, பக்கவாட்டில் நெம்பினால் வளையும், அதே கதைதான். ஆகவே ஜாக்லைன் முனையைக் கட்டுகிற இடத்தில், கொக்கி போய்ச் சிக்கக்கூடிய குற்றியோ பிளவோ பக்கத்தில் இருக்கக்கூடாது. போய்ப் படகைப் பார்த்ததும் கொக்கியைக் கையில் பிடித்து ஜாக்லைன் முழுக்க ஒருமுறை இழுத்துக்கொண்டு நடந்து, எங்கெங்கே சிக்குகிறது என்று படம் எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.

ஹார்னெஸ் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. பாறையேறுகிற ஹார்னெஸ் இடுப்பில் பிடிக்கும். தண்ணீரில் இழுபடும்போது தலையை மேலே வைக்க நெஞ்சுப் பிடி வேண்டும். ஊட்டி ஏரியில் துடுப்புப் படகில் ஏறினால் மாட்டிவிடுகிற ஆரஞ்சு ஜாக்கெட்டில் டெதர் மாட்ட இடமே கிடையாது, மாட்டினால் கிழியும். தானாக ஊதிக்கொள்கிற லைஃப் ஜாக்கெட்டிலேயே ஹார்னெஸ் சேர்த்துத் தைத்த வகை வருகிறது. தனி ஹார்னெஸ், அதற்கு மேல் தனி ஜாக்கெட் என்று போட்டால் வங்கக்கடல் புழுக்கத்தில் ஒன்றைக் கழற்றி வைப்பார்கள், கழற்றுவது எது என்று சொல்ல வேண்டியதில்லை. தொடைக்கு நடுவில் போகிற பட்டையையும் கட்ட வேண்டும். அது இல்லாவிட்டால் ஜாக்கெட் மேலேறி முகத்தை மூடும், ஆள் உள்ளே நழுவுவான்.

நெஞ்சுப் பக்க முனையில்தான் எங்களுக்குள் சண்டை. சிலர் அந்த முனையை வளையத்துக்குள் வளையமாகக் கோத்துவிடுகிறார்கள், எக்காரணத்தாலும் கழலாது. சிலர் சரடை இழுத்தால் பளுவோடேயே திறந்துகொள்கிற ஷாக்கிள் என்ற கொளுவியைப் போடுகிறார்கள். முதலாவது தவறுதலாகத் திறக்காது. ஆனால் இழுபடும்போது தன்னை விடுவித்துக்கொள்ளவும் முடியாது, கத்திதான் வழி. இரண்டாவது ஏதாவது கயிற்றில் சரடு மாட்டித் தானே திறக்கலாம். அவன் முதலாவதை விரும்பினான். லயன் படகில் இழுபட்டவரை நினைத்தால் எனக்கு இரண்டாவதுதான். இந்த மலையில் பாறைத்தேன் எடுக்கக் கொடியேணியில் இறங்குகிற குறும்பர்களுக்கு மேலே கயிற்றுக் காவல் நிற்பது மச்சினன் என்பார்கள். தங்கச்சி தாலிக்காகவாவது கண் அசர மாட்டான். இவனுடைய படகில் ராத்திரி முறையில் மேலே இருப்பது ஒரே ஆள். மற்ற மூன்று பேர் உள்ளே தூங்குகிறார்கள். இவன் தண்ணீரில் இழுபடுவது அவர்களுக்குத் தெரியவே நேரமாகும். கடைசியில் ஷாக்கிளே வாங்கினான், கூடவே ஜாக்கெட்டில் கட்டுகிற சின்னக் கத்தியும்.

எதைத் தைப்பது, எதை வாங்குவது? ஜாக்லைன் நான் தைத்தேன். டெதரைத் தைக்க மாட்டேன் என்றுவிட்டேன். ஐஎஸ்ஓ 12401 என்ற தரத்துக்குச் செய்த டெதராக இருக்க வேண்டும். போட்டி விதி கேட்கிறபடி தையலுக்குள் ஒரு கலர் துணி மடித்து வைத்திருக்க வேண்டும். ஒரு தடவை பெரிய பளு வாங்கினால் வெளித்தையல் பிரிந்து அந்தத் துணி எட்டிப்பார்க்கும். அப்புறம் அந்த டெதரைத் தூக்கிப் போட்டுவிட வேண்டும். எத்தனை கிலோவுக்கு எந்தத் தையல் பிரிய வேண்டும் என்பதைச் சோதனைக்கூடம் இல்லாமல் யாரும் தைக்க முடியாது. நான் தைத்தால் பிரியாமலே இருக்கும், அல்லது பிரியக் கூடாதபோது பிரியும்.

ஜாக்லைனுக்கு மாதிரித் துண்டு ஒன்று முதலில் தைத்தேன். முனையை மடித்துப் பாலியஸ்டர் நூலில் குறுக்கும் நெடுக்குமாகத் தையல். அதைத் தெரிந்த ஒர்க்‌ஷாப்பில் செயின் பிளாக்கில் மாட்டி, நடுவில் தொங்கு தராசு கோத்து இழுத்தோம். எல்லாரும் தூணுக்குப் பின்னால் நின்றோம். 1,400 கிலோ தாண்டியதும் தையல் பொரி வறுக்கிற மாதிரி படபடத்தது, பிரியவில்லை. தராசு 2,000 கிலோவுக்கு மேல் காட்டாது, அதுவரை போய் நிறுத்தினோம். 2,040 என்ற விதிக்கு இதை நிரூபணம் என்று சொல்ல மாட்டேன். அதனால் நிஜப் பட்டைக்குத் தையல் வரிசையை இன்னும் பாதி நீட்டினேன். இழுத்த துண்டைக் கத்தரித்துக் குப்பையில் போட்டுவிட்டேன். அதை யாரும் எடுத்து எதற்கும் பயன்படுத்தக்கூடாது.

பட்டை வெள்ளை, நூல் சிவப்பு. வெயில் முதலில் தின்பது நூலைத்தான். நூல் நைந்தால் தூரத்திலிருந்தே தெரியட்டும் என்று. அமரத்துப் பக்க முனையைப் படகில் கொக்கி போட்டு மாட்டாமல், மெல்லிய கயிற்றால் ஏழெட்டுச் சுற்றுச் சுற்றி இழுத்துக் கட்டச் சொல்லியிருக்கிறேன். தினம் காலையில் தொய்வைப் பார்த்து இறுக்கிக்கொள்ளலாம். துறைமுகத்தில் நிற்கிற நாளெல்லாம் பட்டையை அவிழ்த்துப் பையில் போட்டுவிட வேண்டும்.

போர்ட் பிளேர் போய்த் திரும்பியதும் அந்த இரண்டு பட்டையையும் கூரியரில் எனக்கு அனுப்பி வைக்கச் சொன்னேன். "மறுபடி தைக்கவா அத்தை?" என்றான். செயின் பிளாக்கில் மாட்டத்தான். கடலும் வெயிலும் எத்தனை கிலோவைத் தின்றிருக்கின்றன என்று பார்க்க வேண்டும்; ஒர்க்‌ஷாப்காரர் அதற்குள் பெரிய தராசு ஒன்று வாங்கி வைப்பதாகச் சொல்லியிருக்கிறார்.